வலசை மீனும் கரைத் தூண்டிலும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்குக் கரையில், மெய்ன் மாநிலம் தொடங்கி மாசசூசெட்ஸ், ரோட் தீவு, கனெக்டிகட், நியூயார்க்கின் லாங் தீவு வழியாக நியூஜெர்சி வரை நீளும் கடலோரத்தில், கோடை விடுமுறைக்கு வந்தவர்கள் ஊர் திரும்பி விடுதிகளின் கதவுகள் அடைபடும் காலத்தில்தான் தூண்டில் விளையாட்டு தன் உச்சத்தை எட்டுகிறது. செப்டம்பர் நடுவில் தொடங்கி, வடக்கே அக்டோபர் இறுதியோடும் தெற்கே டிசம்பர் நடுப்பகுதியோடும் முடியும் இப்பருவத்தை அப்பகுதியினர் 'ஃபால் ரன்' என்று அழைக்கின்றனர். இலையுதிர்காலத்தில் மீன் கூட்டம் தெற்கு நோக்கி ஓடும் ஓட்டம் என்பது அதன் பொருள். விற்பதற்காக அல்லாமல், பிடிக்கும் இன்பத்துக்காகவும் ஒருவேளைச் சமையலுக்காகவும் கோலும் நரம்பும் கொண்டு மீன் பிடிப்பதையே விளையாட்டு மீன்பிடிப்பு என்பர். ஆழ்கடலுக்குப் படகில் செல்வோரும் இதில் உண்டு. எனினும் இப்பருவத்தின் அடையாளமாகக் கருதப்படுவது, அலை உடையும் இடத்தில் இடுப்பளவு நீரில் நின்று தூண்டில் வீசும் கரைத் தூண்டில் முறையேயாகும்.

குளிரும் இருளும் காற்றும் சேர்ந்து வருத்தும் இக்காலத்தை ஆயிரக்கணக்கானோர் விரும்பித் தேர்ந்தெடுப்பதன் காரணம், ஒரு மீனின் வாழ்க்கைச் சுழற்சியில் அடங்கியிருக்கிறது. அச்சுழற்சியை அறிந்தவரே இவ்விளையாட்டில் தேர்ந்தவராகிறார். அதே சுழற்சியை மதிக்கத் தவறியதால் அம்மீனினம் ஒருமுறை அழிவின் விளிம்புக்குச் சென்று மீண்டது, இப்போது மறுபடியும் நலிந்து நிற்கிறது.

ஆற்றில் பிறந்து கடலில் வளரும் மீன்

இவ்விளையாட்டின் நாயகன் 'ஸ்ட்ரைப்டு பாஸ்' என்னும் மீன். தமிழில் இதை வரிப்பாஸ் எனலாம். வெள்ளி மின்னும் அதன் உடலில் செவுளின் பின்புறத்திலிருந்து வால் வரை ஏழு அல்லது எட்டுக் கருங்கோடுகள் நேராக ஓடுவதால் இப்பெயர் அமைந்தது. மொரோன் சாக்ஸாடிலிஸ் என்னும் அதன் அறிவியல் பெயரின் பிற்பகுதிக்குப் 'பாறைகளிடையே வாழ்வது' என்று பொருள். மேரிலாந்திலும் வர்ஜீனியாவிலும் மக்கள் இதைப் 'பாறை மீன்' என்ற பொருளில் 'ராக்ஃபிஷ்' என்றே வழங்குகின்றனர்.

தமிழகச் சந்தைகளில் 'சீ பாஸ்' என்ற பெயராலும் விற்கப்படும் கொடுவா, உவர்நீர்க் கழிமுகத்தில் முட்டையிட்டு, அதன் குஞ்சுகளிற் பல நன்னீரை நாடிச் சென்று வளர்வது. வரிப்பாஸின் வாழ்க்கை இதற்கு நேர்மாறானது: கடலில் வளர்ந்த மீன் முட்டையிடுவதற்காக ஆற்றுக்குள் ஏறி வருகிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான இளவேனிற் காலத்தில், செசாபீக் விரிகுடாவில் கலக்கும் ஆறுகளிலும், டெலவேர், ஹட்சன் ஆகிய ஆறுகளிலும் பெண் மீன்கள் முட்டையிடுகின்றன. இம்முட்டைகள் முற்றிலும் மிதப்பனவும் அல்ல, மூழ்குவனவும் அல்ல; ஓடும் நீர் தாங்கிச் செல்லும் வரையில்தான் அவை உயிரோடிருக்கும் என்பதால், அவ்வாண்டின் மழையும் ஆற்றின் ஓட்டமும் நீரின் வெப்பமும் இரண்டு மூன்று நாள்களில் குஞ்சுகளின் தலையெழுத்தை முடிவு செய்துவிடுகின்றன. ஆறு வயதுப் பெண் மீன் ஏறத்தாழ 5 லட்சம் முட்டைகளும், பதினைந்து வயதுப் பெண் மீன் ஏறத்தாழ 30 லட்சம் முட்டைகளும் இடும் எனக் கணக்கிடப்பட்டுள்ளது.

பொரித்த குஞ்சுகள் இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் வரை விரிகுடாவிலேயே வளர்ந்த பின்னர், அவற்றுள் பெரும்பாலும் பெண் மீன்கள் கடலுக்கு வெளியேறி ஆண்டுதோறும் வலசை போகத் தொடங்குகின்றன. முட்டையிட்டு முடித்த பெரிய மீன்கள் கரையை ஒட்டியே வடக்கு நோக்கி நீந்திக் கோடையை நியூ இங்கிலாந்தின் குளிர்ந்த நீரில் கழிக்கின்றன. இலையுதிர்காலத்தில் வந்த வழியே திரும்பி, நியூஜெர்சி முதல் வட கரோலினா வரையிலான கடற்பகுதியில் குளிர்காலத்தைப் போக்குகின்றன. முப்பது ஆண்டுகள் வரை வாழக்கூடிய இம்மீன் எட்டும் அளவும் வியப்புக்குரியது. 1891இல் வட கரோலினாவின் ஈடன்டன் ஊரருகே வலையில் 125 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 57 கிலோ எடையுள்ள மீன் கிடைத்ததாகப் பதிவுண்டு. தூண்டிலில் பிடிபட்டவற்றுள் உலகச் சாதனையாக ஏற்கப்பட்டது, 2011 ஆகஸ்டில் கனெக்டிகட்டை ஒட்டிய லாங் தீவு நீரிணையில் கிடைத்த 81.88 பவுண்டு மீன். இவ்வளவு பெரிதாக வளர்பவை ஏறக்குறைய அனைத்தும் பெண் மீன்களே என்பது, கட்டுரையின் பிற்பகுதியில் பேசப்படும் சிக்கலுக்கு அடிப்படையானது.

குளிர் தரும் பசி

நிலம் விரைவில் சூடேறி விரைவில் குளிர்வதும், கடல் இரண்டையும் மெதுவாகச் செய்வதும் பொதுவான இயல்பு. எனவே வடகிழக்குக் கரையின் கடல்நீர் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில்தான் தன் உச்ச வெப்பத்தை அடைகிறது. காற்றில் குளிர் ஏறிய பின்னரும் பல வாரங்கள் நீரில் வெதுவெதுப்பு எஞ்சியிருக்கிறது. வரிப்பாஸ் விரும்பும் நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 13 முதல் 20 டிகிரி செல்சியஸ். கோடையின் உச்சத்தில் ஆழத்தை நாடிப் பகலில் சோர்ந்து கிடக்கும் பெரிய மீன்கள், நீர் இவ்வெல்லைக்குள் இறங்கியதும் கரையை ஒட்டி வந்து சுறுசுறுப்பாக மேயத் தொடங்குகின்றன. நீர் 10 டிகிரியை நெருங்கும்போது அவற்றின் உடற்செயல்கள் மந்தமாகி, வடபகுதியில் பருவம் முடிவுக்கு வருகிறது. குறைந்துவரும் பகற்பொழுதும் விழும் வெப்பநிலையும் சேர்ந்து பயணத்துக்கான அறிகுறியை மீனுக்குத் தருகின்றன. முன்னாலிருக்கும் நீண்ட வழிக்கும் குளிர்காலத்துக்கும் வேண்டிய கொழுப்பைச் சேர்க்கும் தேவை அதன் பசியைப் பெருக்குகிறது.

பசியோடு வரும் மீனுக்கு இரை ஒரே இடத்தில் திரண்டு கிடைப்பது இப்பருவத்தின் இரண்டாவது சிறப்பு. ஆழமற்ற உப்பங்கழிகளும் கழிமுகங்களும் திறந்த கடலைவிட விரைவில் குளிர்ந்துவிடுவதால், கோடை முழுவதும் அங்கே வளர்ந்த சிறு மீன்கள் முதற்குளிர் தாக்கியதும் கூட்டம் கூட்டமாகக் கடலுக்கு வெளியேறுகின்றன. செப்டம்பரில் மடவைக் குஞ்சுகள் கரையை ஒட்டி வரிசையாகத் தெற்கே செல்ல, அவற்றின் பின்னே நெத்திலி இனத்தைச் சேர்ந்த பொடிமீன்களும், வெள்ளிக் கோடுடைய சில்வர்சைட் மீன்களும், மணலில் புதைந்து வாழும் மெல்லிய மணல் விலாங்குகளும் வருகின்றன. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது மென்ஹேடன். மத்திக்கு உறவான இம்மீன் வாயைத் திறந்தபடி நீந்தி நீரிலுள்ள நுண்ணுயிர்களைச் செவுளால் சலித்து உண்டு, அவ்வுணவைக் கொழுப்பாக மாற்றித் தன் உடலில் தேக்கிவைக்கிறது. கடலின் நுண்ணுயிர் வளத்தைப் பெரிய மீன்களின் வயிற்றுக்குக் கொண்டுசேர்க்கும் பாலமாக அது விளங்குவதாலேயே, மீன் எண்ணெய்க்கும் தீவனத்துக்கும் அதைப் பெருமளவில் வாரி எடுக்கும் தொழிலுக்குக் கரை முழுமைக்குமான பிடிப்பு வரம்பு 2013 முதல் விதிக்கப்பட்டது.

இவ்விரை மீன் மாப்புகளைக் கீழிருந்து வரிப்பாஸ் மேற்பரப்புக்கு விரட்டும்போது, உலையில் நீர் கொதிப்பதுபோல் கடல் பொங்குகிறது. தப்பிக்க வழியின்றி இரைமீன்கள் கரை மணலில் துள்ளி விழுவதும் உண்டு. தூண்டில்காரர்கள் 'பிளிட்ஸ்' என்றழைக்கும் இக்காட்சியைத் தொலைவிலிருந்தே காட்டிக்கொடுப்பவை பறவைகள். கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவிலும் நியூஃபவுண்ட்லாந்திலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துத் தெற்கே வலசை வரும் கேனட் என்னும் பெரிய வெண்ணிறக் கடற்பறவை, இறக்கைகளை உடலோடு மடக்கிக்கொண்டு உயரத்திலிருந்து அம்புபோல் நீருக்குள் பாயும் இடத்தில் கொழுத்த இரையும் அதன் கீழே பெரிய மீனும் இருப்பது பெரும்பாலும் உறுதி. கூரிய பற்களால் இரையைத் துண்டாடும் புளூஃபிஷும், சூரை இனத்தைச் சேர்ந்ததும் மின்னலென விரைவதுமான 'ஃபால்ஸ் அல்பகோர்' என்னும் மீனும் இவ்விருந்தில் பங்கேற்கின்றன. எனினும் வெப்பநீரை விரும்பும் அவை முதலில் விலகிவிட, இறுதிவரை எஞ்சுவது வரிப்பாஸே.

மீன் கடக்கும் வாயில்கள்

ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் பயணத்தில் மீன் எங்கும் சமமாகப் பரவியிருப்பதில்லை. நிலம் கடலுக்குள் நீட்டும் முனைகளிலும், நீர் நெருக்கப்படும் வாயில்களிலும் அது கரையை நெருங்குகிறது. இத்தகைய இடங்களே தூண்டில் விளையாட்டின் புகழ்பெற்ற தலங்களாயின.

மாசசூசெட்ஸில் முழங்கை மடித்தாற்போல் கடலுக்குள் நீண்டிருக்கும் காட் முனை நிலத்தின் கழுத்துப் பகுதியை வெட்டி அமைக்கப்பட்ட காட் முனைக் கால்வாய் அவற்றுள் ஒன்று. கப்பல்கள் ஆபத்தான முனையைச் சுற்றிச் செல்வதைத் தவிர்க்க 1914இல் திறக்கப்பட்ட இக்கால்வாயின் வடமுனையிலுள்ள விரிகுடாவில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 9 அடி; தென்முனையிலுள்ள பஸார்ட்ஸ் விரிகுடாவில் ஏறத்தாழ 4 அடி மட்டுமே. இரு முனைகளிலும் ஓதம் உச்சமடையும் நேரமும் மூன்று மணிநேரம் அளவுக்கு மாறுபடுகிறது. இவ்வேறுபாட்டால் நீர்மட்டம் சமன்பட முயன்று, ஆறு மணிநேரத்துக்கு ஒருமுறை திசை மாறும் கடும் நீரோட்டம் கால்வாயில் உண்டாகிறது. ஓட்டத்தில் அடித்துவரப்படும் இரையை உண்ண வரும் பெரிய மீன்களைக் கரையிலிருந்தே எட்டிப் பிடிக்க இயலுவதால், கால்வாயின் இருபுறமும் உள்ள பாதைகளில் மிதிவண்டியில் கோலைக் கட்டிக்கொண்டு விடியலுக்கு முன் வருவோர் ஏராளம்.

அதன் தெற்கே அமைந்த மார்த்தாஸ் வைன்யார்டு தீவில், கோடை முடிந்ததும் வெறிச்சோடிப்போகும் தீவுக்கு விருந்தினரை ஈர்க்கும் நோக்கத்துடன் 1946இல் தொடங்கப்பட்ட தூண்டில் போட்டி, இன்றும் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை ஐந்து வாரங்கள் நடைபெறுகிறது. அருகிலுள்ள கட்டிஹங்க் என்னும் சிறு தீவில் நியூயார்க் செல்வந்தர்கள் 1864இல் மீன்பிடிக் கழகம் ஒன்றை நிறுவி, பாறைகளின் மேல் கடலுக்குள் நீளும் மரப்பலகை மேடைகளை அமைத்து, இரை தூவி மீனை ஈர்ப்பதற்கு ஆள் வைத்துப் பிடித்தனர். அத்தீவுக்கு அருகே 1913இல் பிடிபட்ட 73 பவுண்டு மீன் பல பத்தாண்டுகள் உலகச் சாதனையாக நிலைத்தது. அக்காலத்துத் தூண்டிற்கோல்கள் சில, வங்காளத்திலிருந்து கப்பலேறிச் சென்று 'கல்கத்தா மூங்கில்' என்று பெயர் பெற்ற மூங்கிலைப் பிளந்து ஒட்டிச் செய்யப்பட்டவை.

லாங் தீவின் கிழக்கு நுனியான மான்டாக், இப்பருவத்தின் தலைநகராகவே கருதப்படுகிறது. 1796இல் கட்டி முடிக்கப்பட்ட கலங்கரை விளக்கத்தின் அடியில் பனிப்பாறைகள் உருட்டிவந்து போட்ட உருண்டைக் கற்கள் கடலுக்குள் சிதறிக் கிடக்க, நியூ இங்கிலாந்திலிருந்து இறங்கும் மீன்கள் அம்முனையைச் சுற்றியே தெற்கே திரும்பவேண்டியுள்ளது. நீர்புகா இறுக்க உடை அணிந்து இருளில் கற்களை நோக்கி நீந்திச் சென்று, ஒற்றைப் பாறையின் உச்சியில் அலையடியில் நின்று தூண்டில் வீசும் வழக்கம் இங்கு வேரூன்றியது. நவம்பர் இறுதிக்குள் மீன் கூட்டத்தின் பெரும்பகுதி மான்டாக்கைக் கடந்து நியூஜெர்சியின் மணற்கரைகளை அடைந்துவிடுவதால், விளையாட்டின் கடைசி வாரங்கள் அங்கேதான் நடந்தேறுகின்றன.

எல்லா மீன்களும் பயணத்தை முடிப்பதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. கனெக்டிகட்டின் தேம்ஸ், ஹூசடானிக் ஆறுகளில் ஒரு பகுதி மீன்கள் குளிர்காலம் முழுவதும் தங்கிவிடுகின்றன. வரிப்பாஸ் விலகிய பின்னும் கரையை விட மனமில்லாதவர்களுக்கு, பாறை இடுக்குகளிலும் மூழ்கிய கப்பல்களைச் சுற்றியும் வாழும் டாடாக் என்னும் கருநிற மீன் துணையாகிறது. சிப்பியையும் நண்டையும் நொறுக்கும் தடித்த பற்களையுடைய இம்மீனை நண்டை இரையாக்கிப் பிடிப்பர்.

கருவியும் நேரமும்

கரைத் தூண்டிலுக்கான கோல் பொதுவாக 9 முதல் 11 அடி நீளமுடையது. அலை உடையும் கோட்டுக்கு அப்பால் இரையை எறியவும், பாய்ந்து விலகும் மீனின் இழுப்பை வளைந்து தாங்கவும் இந்நீளம் தேவைப்படுகிறது. கோலின் அடிப்பகுதியில் பொருத்தப்படும் ரீல் என்னும் உருளையில், பல இழைகளைப் பின்னிச் செய்த மெல்லிய நரம்பு சுற்றப்பட்டிருக்கும். அதன் நுனியில், பாறையில் உராய்ந்தாலும் அறுபடாத தடித்த ஒற்றை நரம்பு ஒன்றைச் சில அடி நீளத்துக்கு இணைத்து, அதில் போலி இரையைக் கட்டுவர். மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ மீன் வடிவில் செய்யப்படும் 'பிளக்', ஈயத் தலையில் மான்வால் மயிரைக் கட்டிய 'பக்டெயில்', மின்னும் உலோகத் தகடு ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. எந்தப் போலி இரை மீனைக் கவரும் என்பது அந்நேரத்தில் மீன் எதை உண்கிறது என்பதைப் பொறுத்தது. மணல் விலாங்கு திரளும் இரவில் ஊசிபோல் மெலிந்த பிளக்கும், மென்ஹேடன் நெருங்கும் நாளில் அகன்ற பெரிய பிளக்கும் பயன்படுகின்றன. உயிருள்ள விலாங்கை முள்ளில் கோத்து இருளில் வீசும் பழைய முறையும் மறையவில்லை.

கருவியைவிட நேரத்தைத் தேர்வதே கடினமான கலை. வரிப்பாஸின் கண்கள் குறைந்த ஒளியில் நன்கு இயங்குவதால், பெரிய மீன்கள் பெரும்பாலும் இரவிலும் விடியலிலும் அந்தியிலுமே கரைக்கு வருகின்றன. ஓதம் வற்றும்போது கழிமுக வாயிலிலிருந்து வெளியேறும் நீர் சிறு மீன்களை அடித்துவருவதால், அவ்வாயிலின் ஓரத்தில் ஓட்டத்தை எதிர்நோக்கி மீன் காத்திருக்கிறது. ஓதம் பெருகும்போது மணற்கரையின் பள்ளங்களுக்குள் அது நுழைகிறது. முழுநிலவையும் அமாவாசையையும் ஒட்டிய வெள்ளோதத்தின்போது, ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு மிகுந்து ஓட்டம் வலுப்பெறுவதால் அந்நாள்களுக்குத் தனி மதிப்புண்டு. வடகிழக்கிலிருந்து வீசும் புயல் கரையோர நீரைக் கலக்கி மீனைக் கரைக்கு அருகில் கொண்டுவருவதும், அப்புயல் ஓய்ந்து வடமேற்குக் காற்று திரும்பியதும் குளிர் கூடி மீன் அடுத்த கட்டப் பயணத்தைத் தொடங்குவதும் இப்பருவத்தின் தாளமாகும். ஆகவே தேர்ந்த தூண்டில்காரர் காற்றையும் ஓதத்தையும் நிலவையும் நீரின் வெப்பநிலையையும் ஒருங்கே கணக்கிட்டு, ஒரே இரவில் இரண்டு மணிநேரம் மட்டும் திறக்கும் வாய்ப்புக்காகத் தூக்கத்தைத் துறக்கிறார்.

இக்கணக்கில் பிழை நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து உண்டு. மார்பளவு உயரும் நீர்புகாக் கால்சட்டைக்குள் அலைநீர் புகுந்துவிட்டால் நடப்பதும் எழுவதும் கடினமாகிவிடும் என்பதால், அதன் மேல் இறுக்கமான இடைவார் கட்டுவது கட்டாயமாகக் கருதப்படுகிறது. பாசி படர்ந்த பாறையில் வழுக்காதிருக்க உலோக முனைகள் பதித்த காலணி அணிகின்றனர். குளிர்ந்த கடலில் திடீரென விழுபவருக்கு முதல் சில நிமிடங்களில் மூச்சுத் திணறலும் கைகால் செயலிழப்பும் ஏற்படுவதால், நீந்தத் தெரிந்தவரும் தப்புவது அரிது. அலையின் போக்கைக் கரையிலிருந்து சிறிது நேரம் கவனித்த பின்னரே பாறையில் ஏறுவதும், தனியாகச் செல்லாதிருப்பதும் இக்கரையின் எழுதாச் சட்டங்கள்.

வீழ்ச்சியும் மீட்சியும்

இம்மீனைக் காக்கவேண்டும் என்னும் எண்ணம் புதிதன்று. ஐரோப்பியர் குடியேறிய தொடக்க காலத்தில், வயலுக்கு உரமாகப் போடும் அளவுக்கு அது மலிந்திருந்தது. வரிப்பாஸையும் காட் மீனையும் உரமாக்குவதை மாசசூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றம் 1639இலேயே தடை செய்தது. 1670இல் பிளிமத் குடியேற்றம், காட் முனையின் வரிப்பாஸ், கானாங்கெளுத்தி, ஹெர்ரிங் ஆகிய மீன்பிடிப்பிலிருந்து கிடைத்த வருவாயை இலவசப் பள்ளி ஒன்றை நடத்த ஒதுக்கியது. 1879இல் நியூஜெர்சியின் ஆறுகளிலிருந்து 132 இளமீன்கள் ரயிலில் நாட்டின் மறுகரைக்குக் கொண்டுசெல்லப்பட்டு சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் விடப்பட்டன. பசிபிக் கரையில் இன்றுள்ள வரிப்பாஸ்கள் அவற்றின் வழிவந்தவையும் சில ஆண்டுகள் கழித்து அனுப்பப்பட்ட மற்றொரு தொகுதியின் வழிவந்தவையுமாகும்.

வளம் வற்றாது என்ற நம்பிக்கை 1970களின் இறுதியில் தகர்ந்தது. 1973இல் ஏறத்தாழ 1.5 கோடி பவுண்டாக இருந்த வணிகப் பிடிப்பு, பத்தே ஆண்டுகளில் 35 லட்சம் பவுண்டாகச் சுருங்கியது. செசாபீக் ஆறுகளில் குஞ்சுகள் பிழைப்பது குறைந்துகொண்டிருந்தபோதே, முட்டையிடும் வயதை எட்டாத மீன்களும் வரைமுறையின்றிப் பிடிக்கப்பட்டதே இதற்கு முதன்மைக் காரணம். 1984இல் அமெரிக்க நாடாளுமன்றம் அட்லாண்டிக் வரிப்பாஸ் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றி, கரையோர மாநிலங்களின் கூட்டமைப்பாக 1942இல் உருவான அட்லாண்டிக் மாநிலங்களின் கடல் மீன்வள ஆணையம் வகுக்கும் திட்டத்தை மீறும் மாநிலத்தில் இம்மீனைப் பிடிப்பதை முற்றாகத் தடை செய்யும் அதிகாரத்தை நடுவண் அரசுக்கு அளித்தது. 1985 ஜனவரியில் மேரிலாந்து இம்மீனைப் பிடிப்பதை அடியோடு நிறுத்தியது. ஐந்தாண்டுகளுக்குப் பின்னரே தடை தளர்ந்தது. 1995இல் வரிப்பாஸ் இனம் மீண்டுவிட்டதாக ஆணையம் அறிவித்தபோது, கடல் மீன்வள மேலாண்மையின் பெரும் வெற்றிகளுள் ஒன்றாக அது போற்றப்பட்டது.

அவ்வெற்றி நிலைக்கவில்லை. 2019இல் வெளியான மதிப்பீடு, முட்டையிடும் பெண் மீன்களின் மொத்த எடை பாதுகாப்பான எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டதையும், பிடிப்பு அளவுக்கு மீறிச் செல்வதையும் உறுதிப்படுத்தியது. மேரிலாந்து அரசு 1954 முதல் ஆண்டுதோறும் கோடையில் ஆறுகளில் இழுவலை போட்டு அவ்வாண்டுக் குஞ்சுகளை எண்ணி, ஒரு வலைவீச்சுக்குக் கிடைக்கும் சராசரியைக் குறியீடாக வெளியிடுகிறது. நீண்டகாலச் சராசரி ஏறத்தாழ 11ஆக இருக்க, 2023இல் அது 1.0ஆகவும் 2024இல் 2.0ஆகவும் அமைந்தது. வெதுவெதுப்பான குளிர்காலமும் மழை குறைந்த இளவேனிலும் குஞ்சுகளுக்குப் பகையாகின்றன என்பது மீன்வள அறிஞர்களின் கருத்து. குஞ்சுகள் குறைந்த இவ்வாண்டுகளின் விளைவு, அவை வளர்ந்து கரைக்கு வரவேண்டிய பின்னாளைய இலையுதிர்காலங்களில் வெளிப்படும்.

விடுவதிலுள்ள திறமை

முன்பு வணிக வலையே மீனினத்தின் முதற்பகையாகச் சுட்டப்பட்டது. இன்று வரிப்பாஸ் இறப்பின் பெரும்பங்கு விளையாட்டாகப் பிடிப்போரால் நிகழ்கிறது. மெய்ன், நியூஹாம்ப்ஷயர், கனெக்டிகட், நியூஜெர்சி ஆகிய மாநிலங்களில் பிடித்த வரிப்பாஸை விற்பதற்கே அனுமதியில்லை. கரையிலிருந்து 3 கடல்மைலுக்கு அப்பாலுள்ள நடுவண் அரசின் கடற்பரப்பில் அதைப் பிடிப்பது 1990 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. கரையோரக் கடலில் ஒருவர் நாளொன்றுக்கு ஒரு மீனை மட்டுமே, அதுவும் 28 அங்குலத்துக்குக் குறையாமலும் 31 அங்குலத்தைத் தாண்டாமலும் இருந்தால் மட்டுமே, எடுத்துச் செல்லலாம் என்னும் விதி 2023இல் அவசர நடவடிக்கையாக வந்து பின்னர் நிலைபெற்றது. கீழெல்லை, ஒருமுறையேனும் முட்டையிடுவதற்கு மீனுக்கு வாய்ப்பளிக்கிறது. மேலெல்லை, பல லட்சம் முட்டையிடும் முதிர்ந்த பெண் மீன்களைக் காக்கிறது. ஒரு காலத்தில் பெரிய மீனைத் தோளில் சுமந்து ஊருக்குக் காட்டுவது பெருமையாக இருந்த கரையில், பெரிய மீனைக் கடலுக்கே திருப்புவது சட்டக் கடமையாகிவிட்டது.

திருப்பி விட்டாலே மீன் பிழைத்துவிடும் என்று கொள்ள முடியாது. விடுவிக்கப்படும் வரிப்பாஸ்களில் ஏறத்தாழ 9 விழுக்காடு பின்னர் இறப்பதாக மேலாண்மைக் கணக்குகள் கொள்கின்றன. பிடிபடுபவற்றில் பத்தில் ஒன்பது மீன்கள் விடுவிக்கப்படுவதால், இச்சிறு விழுக்காடும் பெரும் எண்ணிக்கையாகத் திரள்கிறது. தொண்டையிலோ வயிற்றிலோ குத்தாமல் வாயோரத்தில் சிக்கும்படி நுனி உட்புறம் வளைந்த வட்ட முள்ளை, இயற்கை இரை பயன்படுத்துவோர் அனைவரும் கையாளவேண்டும் என்பது 2021 முதல் விதி. விதிக்கு அப்பாற்பட்டவற்றைப் பழக்கமே கற்பிக்கிறது: மீன் களைத்துச் சோரும்வரை இழுத்து விளையாடாமல் வலிய கருவியால் விரைவில் கரைசேர்த்தல், போலி இரையின் மூன்று கொக்கி முள்ளை ஒற்றை முள்ளாக மாற்றி அதன் பின்நாக்கை மடக்கிவிடுதல், ஈரக்கையால் மட்டும் தொடுதல், மணலில் கிடத்தாதிருத்தல், பெரிய மீனைத் தாடையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடாமல் வயிற்றைத் தாங்கிப் பிடித்தல், தானாக நீந்திச் செல்லும் வரை நீரில் நேராகப் பிடித்திருத்தல் ஆகியவை அவற்றுள் தலையாயவை.

இங்கே குளிர் மீனுக்கு உதவுகிறது. வெப்பநீரைவிடக் குளிர்நீரில் உயிர்வளி மிகுதியாகக் கரைந்திருப்பதாலும், மீனின் உடல் தேவை குறைவாக இருப்பதாலும், கோடையில் விடப்படும் மீனைவிட இலையுதிர்காலத்தில் விடப்படும் மீனுக்குப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். பருவத்தின் இறுதியில் நடக்கும் தூண்டில் விளையாட்டுக்கு நியாயம் கற்பிக்கும் வலிமையான வாதம் இதுவே. ஆனால் மீனைக் கையாளத் தெரிந்தவரிடம் மட்டுமே இவ்வாதம் பொருந்தும். காற்றையும் ஓதத்தையும் படிக்கக் கற்பதற்கு ஆண்டுகளைச் செலவிடும் ஒருவர், முள்ளைக் கழற்றும் அரைநிமிடத்தையும் அதே அக்கறையுடன் கற்றால்தான் அவருடைய கலை முழுமை பெற்றதாகும்.

நியூயார்க்கின் கடல்நீரில் வரிப்பாஸ் பருவம் டிசம்பர் 15ஆம் நாளோடு சட்டப்படி முடிகிறது. அதற்குள் தூண்டிலுக்குத் தப்பியும் தூண்டிலிலிருந்து விடுபட்டும் உயிரோடு தெற்கே கடந்துசென்ற பெண் மீன்களே, நான்கு மாதங்களுக்குப் பின் ஏப்ரலில் செசாபீக் ஆறுகளில் முட்டையிட வரும்.